கெட் டீச்சரின் தங்கை

அந்த டுடோரியலில் சேருகிற யாருக்கும் மூன்றாவது வாரம் வரைக்கும் அவள் வெறும் இங்கிலீஷ் டீச்சர்தான். மூன்றாவது வாரம் முடிந்ததும் கெட் டீச்சர் ஆகிவிடுவாள். அந்த வாரம் ஐந்து நாளும் அவள் நடத்துவது ஒரே ஒரு வினைச்சொல். எழுதினால் மூன்று எழுத்து, சொன்னால் ஒரு விக்கல் மாதிரி போய்விடும். கெட். அந்த ஒன்றுக்கு நூற்று நாற்பத்தோரு உபயோகம் இருக்கிறது என்று அவள் பலகையில் எழுத ஆரம்பித்தால், கீழ்த் தளத்துப் பல் டாக்டரிடம் காத்திருப்பவர்கள்கூடச் சில சமயம் மாடியேறி வந்து வாசலில் நின்று கேட்பார்கள். கண்ணாடிக் கடை, அதற்கு மேலே பல் ஆஸ்பத்திரி, அதற்கும் மேலே டுடோரியல். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டு வகுப்பாக்கிய ஒரு ஹால். பதினொரு வருஷமாக அதுதான் அவள் ராஜ்யம்.

கெட்டோடு அவளுக்கு ஏற்பட்ட உறவு ஒரு அவமானத்தில் ஆரம்பித்தது. கல்லூரி முதல் வருஷம், தேர்வு முடிவு ஒட்டியிருந்த பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இங்கிலீஷில் அவள்தான் வகுப்பிலேயே முதல். அந்தப் பக்கமாக வந்த விரிவுரையாளர், "வாட் டிட் யூ கெட்?" என்று கேட்டார். என்ன வாங்கினாய் என்று கேட்கிறாரே, நாம் எதையும் வாங்கவில்லையே என்று அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். பிறகு, "நத்திங், மேடம்" என்றாள். அந்த அம்மாள் பாவம் என்று தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த முறை நன்றாகப் படி என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் மதிப்பெண் வாங்கிய பெண் பூஜ்யம் வாங்கியவளைப் போலத் தேறுதல் பெற்று வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினாள். எங்கே கெட்டைப் பார்த்தாலும் அதில் எழுதினாள். எழுத எழுத அவளுக்கு வியப்பாக இருந்தது. இங்கிலீஷ்காரன் ஒரே ஆளை எல்லா வேலைக்கும் அனுப்பிவிடுகிறான். தமிழிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஆள் போகவேண்டியிருக்கிறது. வேலை கிடைக்கிறது, சளி பிடிக்கிறது, கோபம் வருகிறது, கல்யாணம் ஆகிறது, ஜோக் புரிகிறது, பொழுது இருட்டுகிறது, ஒருவன் பஸ்ஸில் ஏறுகிறான், இன்னொருவன் கடையில் போய் முடி வெட்டிக்கொள்கிறான். அங்கே எல்லாமே கெட். பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிவிட்டால் போதும், எழுந்திருப்பதும் சமாளிப்பதும் துக்கத்திலிருந்து மீள்வதும் தப்பித்து ஓடுவதும் கெட்டே ஆகிவிடும். இருபது வருஷத்தில் அந்த நோட்டு நூற்று நாற்பத்தோராம் எண் வரை வந்து நின்றது. "கெட் மேல கெட்டா வருது, இந்த வாரம் முடியறதுக்குள்ள நாம கெட்டுப்போயிடுவோம்" என்று ஒவ்வொரு பேட்சிலும் யாராவது ஒருவர் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் அவள் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரு தங்கை. நாலு வயது சின்னவள். பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை எழுதப் போகவேயில்லை. பத்தொன்பது வயதில் ஒரு பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது அங்கே ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். சின்னவள் இங்கிலீஷைக் கற்றுக்கொண்டது நீளமான வராந்தாவில், துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு. அவளுக்குத் தெரிந்த வினைச்சொல்லும் ஒன்றே ஒன்றுதான். துண்டு வேண்டுமா, ஐ கெட் டவல். லிஃப்டில் போகவேண்டுமா, யூ கெட் லிஃப்ட். இடப் பக்கம் திரும்பவேண்டுமா, கெட் லெஃப்ட். நேற்று, இன்று, நாளை எல்லாவற்றுக்கும் அதே கெட், இம்மிகூட மாறாது.

பல வருஷம் இது வீட்டில் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. சின்னவள் மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தாள்; அம்மா பெரியவளோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்காரும்போது சின்னவள் ஹோட்டல் கதை சொல்வாள். பெரியவள் இடையிடையே, அது "கெட்" இல்லை "காட்", அங்கே ஒரு "டு" வரவேண்டும் என்று திருத்துவாள். சரி டீச்சர், சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டுச் சின்னவள் மறுபடியும் அதையே சொல்வாள். பெரியவளுக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. வீட்டில் யார் படித்தவள் என்பது வாரத்துக்கு ஒருமுறை உறுதியாகிக்கொண்டிருந்தது.

அந்த சந்தோஷம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் போயிற்று.

அம்மாவின் பிரஷர் மாத்திரைச் சீட்டு சின்னவளின் பையில் மாட்டிக்கொண்டது. அதை வாங்க டீச்சர் ஹோட்டலுக்குப் போனாள். முன்கூடத்தில் ஒரே கலவரம். வெளிநாட்டுக் கிழவர் ஒருவரின் காது மிஷின் காணோம். படுக்கை விரிப்போடு சேர்ந்து சலவைக்குப் போயிருக்கவேண்டும். அவர் காது கேட்காமல் எல்லோரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். வரவேற்பு மேஜையில் இருந்த பையன்கள் இலக்கணச் சுத்தமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

சின்னவள் கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். நேராகக் கிழவரிடம் போய், அவர் முகத்துக்கு நேராக நின்று, கையால் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னாள்:

"சார். ஐ கெட் மெஷின் ஸ்டாப். ஐ கெட் ஷீட். ஐ கெட் யுவர் இயர். யூ கெட் டீ."

கால் மணி நேரத்தில் காதைக் கொண்டுவந்துவிட்டாள். கிழவர் அதை மாட்டிக்கொண்டு முதலில் கேட்டது தன் மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தத்தை. அந்த அம்மாள் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்து, "டிட் யூ கெட் ஆல் தட்?" என்று கேட்டார்.

இதெல்லாம் உங்களுக்குப் புரிந்ததா என்பதுதான் கேள்வி. டீச்சரின் நோட்டில் அது இருபத்து மூன்றாம் எண். ஒவ்வொரு பேட்சுக்கும் அதற்கு மூன்று உதாரணம் சொல்வாள். இப்போது அந்த மூன்றும் நினைவுக்கு வந்தன. பதில் மட்டும் வரவில்லை. எஸ் என்று ஆரம்பிப்பதா, எஸ் ஐ டிட் என்பதா, காட் என்று போடுவதா என்று மனசுக்குள் வாக்கியத்தைக் கட்டிக் கட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். "எஸ்... ஐ..." என்று நின்றுவிட்டாள்.

சின்னவள்தான் குறுக்கே வந்தாள். "ஷி கெட். ஷி கெட் எவ்ரிதிங். ஷி டீச்சர்."

ஓ, என்று அந்த அம்மாள் தலையை ஆட்டினார். மிகவும் கனிவாக, ஒரு குழந்தையிடம் ஆட்டுவதுபோல. சின்னவள் உதவிக்கு வந்ததையாவது பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் கனிவை டீச்சரால் பொறுக்க முடியவில்லை. மருந்துச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தபோது காது மடல் சுட்டது. இருபத்து மூன்று, இருபத்து மூன்று என்று நாலு ஸ்டாப்பிங் தாண்டியும் மனசு சொல்லிக்கொண்டே வந்தது. இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிவிட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளுக்கு எதிராகவே நடப்பதுபோல இருந்தது. டுடோரியல் முதலாளியைப் பெயர்ப்பலகையில் போட்டிருந்தபடி எல்லோரும் டைரக்டர் என்றே கூப்பிடுவார்கள். முன்பு இன்ஷூரன்ஸ் விற்றவர். அவரிடம் அப்போது ஒன்பது நர்ஸுகள் படித்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் இரண்டு மாதத்தில் நேரில் வந்து ஆள் எடுக்கப்போகிறார்கள். ஒன்பது பேருக்கும் இலக்கணம் தண்ணீர் பட்ட பாடு. வாயைத்தான் திறக்கமாட்டார்கள். நேர்காணலுக்கு ஹால் பிடிக்க ஹோட்டலுக்குப் போன டைரக்டர், சூப்பர்வைசரோடு பத்து நிமிஷம் பேசிவிட்டுப் பூரித்துப்போய்த் திரும்பினார்.

"உங்க தங்கச்சின்னு சொல்லவே இல்லையே டீச்சர். அவங்க பேசறதுல பாதி தப்பு. ஆனா யாரும் அவங்களைத் திரும்பச் சொல்லச் சொல்லலை. சனிக்கிழமை ஒரு மணி நேரம் நம்ம பொண்ணுங்களோட பேசிட்டுப் போகச் சொல்லியிருக்கேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நல்லது சார் என்றாள்.

சின்னவளுக்கு ஒரே கொண்டாட்டம். அக்காவோடு ஒரே இடத்தில் வேலை என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாள்; அம்மா அதைப் பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு என்று ஒன்று விடாமல் சொன்னாள். முதல் சனிக்கிழமை ஒன்பது பேர். இரண்டாவது வாரம் பதினாறு. நாலாவது வாரம் இருபத்திரண்டு நாற்காலி போட்டும் இரண்டு பேர் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் டீச்சர் செயப்பாட்டுவினை நடத்திக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் சின்னவள் மாத்திரை விழுங்க மறுக்கிற கிழவியாக நடிப்பாள், ஒரு நர்ஸ் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் கெஞ்சுவாள், ஹாலே அதிரும். டீச்சரின் மாணவர்கள் பேனாவைப் பிடித்தபடி காதை அந்தப் பக்கம் வைத்திருப்பார்கள். கதவைச் சாத்தட்டுமா டீச்சர் என்று ஒருத்தி இரக்கப்பட்டுக் கேட்டாள். தடுப்பு கூரை வரைக்கும் போகவில்லை. கதவைச் சாத்தி என்ன ஆகப்போகிறது?

நர்ஸுகள் சின்னவளை "சின்ன டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதன்முதலில் அது காதில் விழுந்தபோது டீச்சர் பலகையில் எழுதிய வரியை அழித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதினாள். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று வருஷப் பட்டம், அதற்குமேல் பயிற்சி, கண்ணாடி போடுகிற அளவுக்குப் படிப்பு. பத்தாவதைத் தாண்டாதவளுக்கு அது சும்மா வந்து மடியில் விழுகிறது. அடுத்த சனிக்கிழமை தன் வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, தடுப்பை ஒட்டி உட்கார்ந்து, சின்னவள் செய்கிற தப்புகளைக் கோடு போட்டு எண்ணினாள். ஒரு மணி நேரத்தில் அறுபத்து நாலு. அன்று மாலை அந்தத் தாளைக் கணவரிடம் காட்டினாள். அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். நாள் முழுக்க வண்டி வந்த நேரம் போன நேரம் எழுதுகிறவர். தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அறுபத்து நாலா? அப்ப நீ உன் வகுப்பை எப்ப நடத்தின?" என்று மட்டும் கேட்டார்.

அவள் அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

நேர்காணலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, புதன்கிழமை சாயங்காலம், சின்னவள் வேலை உடுப்போடேயே வந்தாள். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். வருகிறவர்களை வரவேற்று அவளும் ஒரு வரி பேசவேண்டும் என்று டைரக்டர் சொல்லியிருக்கிறாராம்.

"நம்ம பொண்ணுங்க எப்பவும் நோயாளிங்களோட நல்லா ஒத்துப்போவாங்கன்னு சொல்லணும்க்கா. கெட் வெச்சு ஒரு வரி எழுதிக் குடு. என் கெட் வேண்டாம், உன் கெட் வேணும். தப்பில்லாம இருக்கணும்."

டீச்சர் நோட்டை எடுத்தாள். தொண்ணூற்றாறாம் எண், கெட் ஆன் வித்: ஒருவரோடு ஒத்துப்போவது. அதற்கு அடுத்த வரி தொண்ணூற்றேழு, கெட் ஈவன் வித்: ஒருவரைப் பழிக்குப் பழி வாங்குவது. இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி. பேனா தாளின்மேல் நின்றது.

"அக்கா எழுதினா தப்பே வராது" என்றாள் அம்மா, கட்டிலில் இருந்து.

டீச்சர் எழுதினாள். நர்ஸுகள் எப்போதும் நோயாளிகளோடு கெட் ஈவன். தெளிவாக, எழுத்துக்கூட்டி வாசிக்க வசதியாக, பெரிய எழுத்தில் எழுதினாள். சின்னவள் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். ஈவன் என்கிற சொல் காதுக்கு அழகாக இருக்கிறது என்றாள். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பித்தானையும் போட்டுக்கொண்டாள்.

வியாழன் இருந்தது, வெள்ளி இருந்தது. ஒரு போன் போதும். கை தவறிவிட்டது, ஈவனை அடித்துவிட்டு ஆன் போட்டுக்கொள் என்று சொன்னால் முடிந்தது. டீச்சர் இரண்டு நாளும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒன்பது பேருடைய வேலை என்று நினைத்தாள். பிறகு அந்த இருபத்திரண்டு நாற்காலியை நினைத்தாள். போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, ஹோட்டலின் சின்ன ஹால். வந்தவர்கள் இரண்டு பேர்: முதியோர் இல்லத்தின் தலைமை நர்ஸ், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிக்கொண்டவர், அவரோடு, எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிற ஒரு ஆள். ஒன்பது பெண்களும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கடைசியில், தண்ணீர் பாட்டில் அடுக்கிய மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். டைரக்டர் தான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடித்ததும் சின்னவள் முன்னால் வந்தாள். தாளைப் பிரித்தாள்.

"அவர் நர்ஸஸ் ஆல்வேஸ் கெட் ஈவன் வித் த பேஷண்ட்ஸ்."

எங்கள் நர்ஸுகள் நோயாளிகளை எப்போதும் பழிவாங்கிவிடுவார்கள். குறிப்பெடுத்தவரின் பேனா நின்றது. தலைமை நர்ஸ் அம்மாள், மன்னிக்கவேண்டும், என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்த சின்னவள், இன்னும் சத்தமாக, இன்னும் அன்பாகச் சிரித்துக்கொண்டு, அதையே மறுபடியும் சொன்னாள். நர்ஸுகளில் உயரமானவள் ஒருத்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். டைரக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம் ஆமாம் என்று பெருமையாகத் தலையசைத்தார்.

இந்த நிமிஷத்துக்காகத்தான் டீச்சர் மூன்று நாள் தூங்காமல் இருந்தாள். சந்தோஷம் வரத்தான் செய்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருந்தது.

அதற்குள் சின்னவள் அந்த அம்மாளின் முகத்தைப் படித்துவிட்டாள். இருபது வருஷமாக முகம் பார்த்தே துண்டு எது, தலையணை எது என்று தெரிந்துகொண்டவள். தாளை மடித்துப் பைக்குள் போட்டாள். நேராகப் போய் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"சாரி மேடம். ஐ கெட் ராங். மை சிஸ்டர் டீச் குட். ஐ கெட் பேட்."

என் அக்கா நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள், நான்தான் கெடுத்துவிட்டேன். அதைச் சொல்லும்போது கடைசியில் நின்ற அக்காவைப் பார்த்து, பயப்படாதே என்பதுபோலக் கையைக் காட்டினாள். டீச்சர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. நல்ல பெயரிலும் இவளே முந்திக்கொள்ளவேண்டுமா என்றுதான் அப்போதும் தோன்றியது. பிறகு பல நாள் அவளை உறுத்தியது அந்த எண்ணம்தான்.

சின்னவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வாயை இறுக்க மூடிக்கொண்டு, மாத்திரை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். உயரமான நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து, தப்பும் தவறுமாகக் கெஞ்சி, அதட்டி, கடைசியில் ஒரு கதை சொல்லி மாத்திரையைக் கொடுத்தாள். கட்டைமுடி அம்மாள் சிரித்தார். என் ஆட்களைவிட உன்னிடம்தான் கிழவிகள் மாத்திரை சாப்பிடுவார்கள் என்றார். ஒன்பது பேரில் ஏழு பேரை எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் குறிப்பெடுத்தவர் போகும்போது டைரக்டரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்: அந்தப் பெண்மணி என்ன படித்திருக்கிறார்? டைரக்டருக்கு மானம் போய்விட்டது. திங்கட்கிழமை சின்னவளுக்குப் போன் செய்து, நர்ஸுகள் வேலை முடிந்துவிட்டதால் சனிக்கிழமை வகுப்பு தேவையில்லை என்றார். டீச்சரைக் கூப்பிட்டு, "படிச்சவங்க படிச்சவங்கதான் டீச்சர். இனிமே அந்தப் பேச்சு வகுப்பையும் நீங்களே எடுங்க" என்றார். எத்தனை நாளாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டுக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் பல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இறங்கி, அங்கே காத்திருந்தவர்களுக்கு நடுவில் காரணமில்லாமல் உட்கார்ந்தாள். டோக்கன் எண் என்ன என்று பல் ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டதும் எழுந்து போனாள்.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. சின்னவளும் ஒன்றும் கேட்கவில்லை. தான்தான் ஏதோ தப்பாக உச்சரித்துவிட்டோம் என்று அவள் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தாள். உண்மையை உடைத்தது உயரமான நர்ஸ். வெளிநாடு கிளம்புவதற்கு முன்னால் விடைபெற ஹோட்டலுக்குப் போனவள், பேச்சுவாக்கில் அந்த வரியைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சின்னவள் மடித்த தாளைக் காட்டியதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கெட் டீச்சருக்குத் தெரியாத கெட்டா என்று கேட்டாளாம். கெட் வாரத்தில் டீச்சர் எல்லோருக்கும் கொடுத்த நோட்டின் நகல் அவள் பையிலேயே இருந்தது: தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு.

அன்று பிற்பகல் சின்னவள் வந்தாள். அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் உட்காரவில்லை. தாளைச் சமையல் மேடைமேல் வைத்தாள்.

"இது கை தவறி எழுதினதா அக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சின்னவள் நம்பியிருப்பாள். நம்ப விரும்பித்தான் அப்படிக் கேட்டாள்.

"இல்ல. தெரிஞ்சுதான் எழுதினேன்."

"எதுக்கு?"

"அவங்க உன்னை டீச்சர்னு கூப்பிட்டாங்க."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, சின்னவள் எட்டி அதை இறுக்கினாள்.

"அந்த ஒன்பது பேருக்கும் வேலை போயிருக்கும். அதை யோசிக்கவே இல்லையா?"

"யோசிச்சேன்."

"யோசிச்சுமா?"

"யோசிச்சும்."

சின்னவள் தாளை எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிடாத. நீ எழுதினா தப்பு வராதுன்னு நெனைச்சிட்டு இருக்காங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

மறுநாள் டீச்சர் டைரக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நீங்கள் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்றார். அவளை அனுப்பிவிட அவருக்கு மனசில்லை. கெட் வாரத்துக்கு இன்னும் ஆள் வந்துகொண்டிருந்தது. சின்னவளைத்தான் திரும்பக் கூப்பிட்டார். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். ஹோட்டல் மேனேஜர் ஊழியர்கள் சாப்பிடுகிற ஹாலைச் சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் அவளுக்கு வகுப்பு நடத்தக் கொடுத்தார். பழைய ஆட்கள் பாதிப்பேர் அங்கே போனார்கள். டுடோரியலில் டீச்சரின் பேச்சு வகுப்புக்கு நாலு பேர் மிஞ்சினார்கள். பேசவேண்டிய நேரத்தில் அவள் பலகையில் எழுதினாள். அவர்களும் பேசவேண்டிய நேரத்தில் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

இரண்டரை மாதம் சின்னவள் அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவைப் பார்க்க வந்தாள். டீச்சர் வீடு திரும்பும்போது அவள் வந்துபோனது தெரிந்துவிடும். அம்மாவின் கட்டில் விரிப்பு நாலு மூலையும் மடித்துச் செருகி, ஹோட்டல் படுக்கைபோல விறைப்பாக இருக்கும். டீச்சர் அதன்மேல் உட்காராமல் பக்கத்தில் நின்றே அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பாள். உங்களுக்குள் என்ன என்று அம்மா கேட்டால் ஒன்றுமில்லை, வேலை என்பாள்.

ஒரு சனிக்கிழமை தன் நாலு பேருக்கும் விடுமுறை சொல்லிவிட்டு அவள் ஹோட்டலின் பின்வாசலுக்குப் போனாள். சாப்பாட்டு ஹாலில் எஃகு மேஜைகள், ஓரத்தில் அடுக்கிய தட்டுகள், ஈரத் தரை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சின்னவள் பார்த்தாள், நிறுத்தவில்லை. இந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று வரிசையாக ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒரு டிரைவர், ஒரு தையல்காரி, சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற பெண். டீச்சரின் முறை வந்தது.

"நெக்ஸ்ட்" என்றாள் சின்னவள், வேறு எவரிடமும் சொல்வதுபோல.

டீச்சர் எழுந்தாள். பழைய வேலை ஆரம்பித்தது: வாக்கியத்தைக் கட்டுவது, பிரிப்பது, காலம் பார்ப்பது. சின்னவள் காத்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஐ... கெட் பஸ்" என்று வந்தது கடைசியில். "ஐ கெட் லேட்."

இரண்டிலுமே காலம் தப்பு. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சின்னவள் திருத்தவில்லை. ஏன் லேட் என்று இங்கிலீஷில் கேட்டாள். டீச்சர் மறுபடியும் வாக்கியம் கட்ட ஆரம்பித்தாள். சரி என்று சின்னவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

வகுப்பு முடிந்து டீ குடித்த கோப்பைகளை அடுக்கும்போது டீச்சரும் போய்ப் பக்கத்தில் நின்று அடுக்கினாள். சின்னவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் இன்னும் மறக்கலை அக்கா."

"தெரியும்."

"அடுத்த வாரம் வர்றதா இருந்தா முன்னாடி உட்காரு. பின்னாடி உட்கார்றவங்க வாயைத் திறக்கமாட்டாங்க."

அவள் அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். தயங்காமல் வாய் திறக்க ஐந்தாறு வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சின்னவள் மறுபடி வர ஆரம்பித்தாள். ஹோட்டல் கதை சொன்னாள். அக்கா திருத்தவில்லை, அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. ஹாலுக்குள் நுழைந்ததும் தலைகளை எண்ணாமல் அவளால் உட்கார முடிவதில்லை. சின்ன டீச்சர் என்று யாராவது கூப்பிட்டால் இன்னும் நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் அது இப்போது பழகிய வலி. பல் வலிக்காரர் வலிக்கிற பக்கத்தை விட்டு மறுபக்கம் மெல்லுவதுபோல அவள் அதோடு நடமாடக் கற்றுக்கொண்டாள்.

உயரமான நர்ஸ் ஒரு சனிக்கிழமை வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்தாள். பின்னால் பனி, வெள்ளை ஜன்னல், சக்கர நாற்காலியில் கையாட்டுகிற ஒரு கிழவி. போனை யார் வாங்கினாலும் அவள் கேட்டது சின்னவளைத்தான். சின்னவள் வாங்கிக்கொண்டு பேசினாள், சிரித்தாள், கிழவியோடும் கெட் கெட் என்று பேசினாள். டீச்சர் முன்வரிசையில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தாள். போன் அவள் கைக்கு வர ஏழு நிமிஷம் ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.